படகில் ஜிபிஎஸ் திடீர்னு புகையுறது ஏன்? தூத்துக்குடி மீனவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய குட்டி டயோடு

முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன கடற்கரை இது. அன்றைக்குக் கயிறும் கல்லும் இருந்தால் முத்து எடுக்கப் போய்விடலாம். இன்று தூத்துக்குடியிலோ தருவைகுளத்திலோ ஒரு விசைப்படகு கிளம்பினால் அதில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் இருக்கும். இப்போது செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்துவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் நாடு முழுக்க ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். செல்போன் சிக்னல் கிடைக்காத ஆழ்கடலிலும் கரையோடு செய்தி பரிமாற இது உதவும்.

இந்தக் கருவிகளைப் பதம் பார்க்க ஒரு நொடிகூடத் தேவையில்லை. மின்னழுத்தம் ஒருமுறை எகிறினால் போதும். 'போர்டு போச்சு' என்று மெக்கானிக் கைவிரித்துவிடுவார்.

கருவி போனால் பணம் மட்டும்தான் நஷ்டமா?

இல்லை. கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது, ஜிபிஎஸ் திரையில்தான் தெரியும். 2023 அக்டோபரில் தருவைகுளம் படகில் சென்ற 12 மீனவர்களை மாலத்தீவு கடலோரக் காவல்படை பிடித்தது. 2024 ஆகஸ்ட்டில் தருவைகுளம் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தது. எல்லைப் பிரச்சினைக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் கருவியே அணைந்துவிட்டால், எச்சரிக்கையாக இருக்க நினைக்கும் படகுக்கும் வழி தெரியாது. புயல் எச்சரிக்கையும் வந்து சேராது. 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேராததன் விலை என்ன என்பதைத் தென்கடலோரம் நன்றாகவே அறியும்.

படகில் மின்னழுத்தம் எப்படி எகிறுது?

மின்னல்தான் காரணம் என்று பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் எதிரி இன்ஜின் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பேட்டரி இணைப்பு திடீரென விடுபட்டால், ஆல்டர்னேட்டரால் சட்டென்று உற்பத்தியைக் குறைக்க முடியாது. போக இடமில்லாத மின்சாரம் அழுத்தமாக எகிறும். இதற்கு 'லோடு டம்ப்' என்று பெயர்.

வாகன மின்சாதனங்களுக்கான சோதனைத் தரங்களின்படி, 12 வோல்ட் அமைப்பில் இது 80 முதல் 100 வோல்ட் வரையும், 24 வோல்ட் அமைப்பில் 150 முதல் 200 வோல்ட் வரையும் போகலாம். நீடிப்பது அரை நொடிக்கும் குறைவு. மின்னணு போர்டு கருக அது தாராளம்.

சரி, இணைப்பு ஏன் விடுபடுது? உப்புதான். உப்பளங்களுக்குப் பேர்போன இந்த ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூக்கும், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். அலையில் படகு குலுங்கும்போது அந்த இணைப்பு விட்டு விட்டுத் தொடும்.

அந்தக் குட்டி டயோடு என்ன செய்யும்?

இதன் பெயர் டிவிஎஸ் டயோடு. பைக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'நொடிநேர மின்னழுத்தத்தை அடக்குவது' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் இது. சிலிக்கானால் ஆன குறைக்கடத்தி.

கருவியின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் குறுக்கே இதைப் பொருத்துவார்கள். அழுத்தம் சரியாக இருக்கும்வரை சும்மா இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் திறந்துகொண்டு, மின்சாரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிடும். குளம் நிறைந்ததும் கலுங்கு வழியாகத் தண்ணீர் போகிற மாதிரி. கரை உடையாது, கருவி பிழைக்கும்.

தாங்க முடியாத அளவு வந்தால்? டயோடு பெரும்பாலும் உள்ளுக்குள் 'ஷார்ட்' ஆகும். உடனே பியூஸ் போகும். அதாவது, தன்னைப் பலி கொடுத்துக் கருவியைக் காப்பாற்றும்.

இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. ஷார்ட் ஆன டயோடைப் பிடுங்கிவிட்டாலே செட் மறுபடி ஓடும். பழுது சரியாகிவிட்டது என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த எகிறலில் தடுக்க ஆள் இல்லை, மொத்த போர்டும் காலி. பியூஸுக்குப் பதில் வெறும் கம்பியைச் சுற்றினால் இன்னும் மோசம், வயரே தீப்பிடிக்கலாம்.

வீட்டில் டிவிக்கு இதே பாதுகாப்பு போதுமா?

வீட்டு ஸ்பைக் கார்டுகளில் பெரும்பாலும் இருப்பது எம்ஓவி. துத்தநாக ஆக்சைடு துகள்களால் செய்த வட்டமான வில்லை. டிவிஎஸ் டயோடைவிட அதிக மின்சாரத்தைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால், பிளக்கில் கரண்ட் வந்தாலும் அந்தக் கார்டு வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

எர்த் சரியில்லாத வீட்டில் இது பாதி வேலைதான் செய்யும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் எகிறலைத் தடுக்கும். மண்ணுக்குள் தள்ள வேண்டியதைத் தள்ள வழி இருக்காது. உப்பு மண்ணில் எர்த் கம்பி சீக்கிரமே அரித்துப் போகும் என்பதால் கடலோர வீடுகளில் இது பெரிய விஷயம்.

இன்னொன்று, நியூட்ரல் அறுந்தால் எம்ஓவி காப்பாற்றாது. காற்று மழையில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். இது நொடிநேர எகிறல் இல்லை, தொடர்ந்து வருவது. எம்ஓவி சூடேறிக் கருகிவிடும். இதற்கு, அளவு மீறினால் இணைப்பையே துண்டிக்கும் 'ஓவர் வோல்டேஜ்' ரிலே தனியாக வேண்டும்.

நேரடி மின்னலை எது தடுக்கும்?

இந்தச் சின்ன உதிரிபாகங்கள் எதுவும் தடுக்காது. ஒரு மின்னலில் பல்லாயிரம் ஆம்பியர் பாயும். இந்தியாவில் 2022-இல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இடி சத்தம் கேட்பதற்கு முன்பே பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. இடிக்கும்போது அதைத் தொடக்கூடாது. படகில் ஆன்டெனாவையும் உலோகக் கம்பத்தையும் விட்டு விலகி இருக்க வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி முன்கூட்டியே எச்சரிக்கும்.

என்ன செய்யலாம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போதே இதையும் பார்த்துவிடலாம்.

• பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். இறுக்கமாக இணைந்த பேட்டரிதான் முதல் பாதுகாப்பு, டயோடு அடுத்துதான்.

• இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது.

• ஒவ்வொரு கருவிக்கும் தனி பியூஸ் போடுங்கள். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற, லோடு டம்ப் தாங்கும் டயோடைப் பொருத்தச் சொல்லுங்கள்.

• ரிப்பேருக்குக் கொடுத்த செட் திரும்பி வரும்போது, 'பழைய டயோடுக்குப் பதில் புதுசு போட்டீங்களா?' என்று கேளுங்கள். அதன் விலை, ஒரு புது ஜிபிஎஸ் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.