அப்பாவின் 555 புத்தகம்

காலை நிகழ்ச்சி செய்கிறவனுக்கு ஊர் தூங்கும்போதுதான் பயணம். கிள்ளானில் 4.40க்கு மோட்டாரை எடுத்தால், 5.30க்கெல்லாம் கோலாலம்பூர் நிலையத்தில் இருப்பேன். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் அந்நேரம் என்னோடு வருகிறவர்கள் இரவு ஷிப்டு முடித்தவர்களும், நாசி லெமாக் மூட்டையோடு கடை போடப் போகிற அக்காமார்களும்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. பத்து தீகா தாண்டியதும் காலுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. செயின் அறுந்துவிட்டது. அது பின்சக்கரத்தில் சிக்காமல் உறைக்குள்ளேயே விழுந்ததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் வந்த மலாய் இளைஞர் ஒருவர் நின்றார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "நீங்க ஹேண்டலைப் பிடிங்க, நான் தள்ளறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, தன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை என் கால்மிதியில் வைத்து, பெட்ரோல் நிலையம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைய 6 மணி வணக்கத்தை என் சக அறிவிப்பாளர் சொன்னார்.

வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" இரண்டாவது கேள்வி, "செயினுக்குக் கடைசியா எப்போ எண்ணெய் விட்டே தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், ஆறு வருடமாக அந்த மோட்டாரில் போய் வருகிறேன். ஒருநாளும் நான் எண்ணெய் விட்டதில்லை.

அது அப்பாவின் பழைய ஈஎக்ஸ்5. கார்புரேட்டர் வைத்த கப்சாய். "நல்ல வண்டிடா, ஒரு தொல்லையும் கொடுக்காது" என்று நண்பர்களிடம் நானே பெருமை பேசியிருக்கிறேன். அன்று சாயங்காலம் எங்கள் தாமான் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனபோது, தவுக்கே செயினைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க அப்பா எங்கே? ரெண்டு மாசமா ஆளைக் காணோமே?"

இரண்டு மாதத்துக்கு முன்தான் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. குனியக்கூடாது, தூசு படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போர்ட்டிக்கோவில் உட்காரவில்லை. அவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்திருப்பதே பத்து மணிக்கு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். ஒவ்வொரு வாரமும் தேதி, கிலோமீட்டர், ஒரு வரி. 'எண்ணெய் மாத்தியாச்சு.' 'முன் பிரேக் இறுக்கினேன்.' 'பிளக் புதுசு.' 'பின் டயர் தேஞ்சிருக்கு, அடுத்த சம்பளத்தில்.' கடைசி வரி, அறுவை சிகிச்சைக்கு நான்கு நாள் முன்பு எழுதியது: 'செயின் நீண்டுபோச்சு. அடுத்த மாசம் மாத்தணும்.'

"கண்ணு கவலையிலே உன்கிட்டே சொல்ல மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார் அப்பா.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். வேகம், லோரி, மழை என்று காரணம் பல சொல்வோம். ஆனால் தேய்ந்த டயரையும் பிடிக்காத பிரேக்கையும் சரிபார்ப்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதனால் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இந்த வாரம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் செயின். கொண்டெய்னர் லோரி ஓடுகிற சாலையிலும் அடுக்குமாடி கட்டுகிற இடத்திலும் பறக்கிற தூசு, பழைய எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். செயினையும் தின்னும், பல்சக்கரத்தையும் தின்னும். ஈஎக்ஸ்5 செயினை உறை முழுசாக மூடியிருக்கும். கண்ணில் படாததால் மறந்துபோகிறோம். அந்த உறையிலேயே சின்ன ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை ஆடினால் சரி. அதிகம் ஆடினால் இறுக்க வேண்டும். இறுக்க இறுக்க மறுபடி தளர்ந்தாலோ, பல்சக்கரத்தின் பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தாலோ, செயினையும் இரண்டு பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். இணைப்புக் கண்ணியில் போடுகிற கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் கழன்று விழும்.

அடுத்தது மினியாக் ஹீத்தாம். இந்த என்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் அதைக் குளிர வைக்கின்றன. மத்தியான வெயிலில் நெரிசலில் நிற்கும்போது காற்றும் இல்லை. மொத்த எண்ணெயே ஒரு லிட்டருக்குக் குறைவு என்பதால், கொஞ்சம் குறைந்தாலும் பாதிப்பு பெரிது. அப்பா 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவார். அளவு பார்க்க, என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

ஏர் ஃபில்டர் என்பது வண்டியின் மூக்கு. அது தூசால் அடைபட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், இழுவை குறையும். பஞ்சு ரகம் என்றால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவிப் போடலாம். எண்ணெய் ஊறிய காகித ரகத்தைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

டிரம் பிரேக்கின் உள்ளேயும் தூசு சேரும். கீச்சென்று சத்தம் வந்தால் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது, சக்கரத்தின் நடுவில் இருக்கும் அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால், இனி இறுக்கிப் பயனில்லை. கட்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

டயர் காற்றைக் காலையில், வண்டி சூடேறுமுன் பாருங்கள். எங்கள் வண்டிக்கு முன்னால் 200, பின்னால் 225. பெட்ரோல் நிலையத்து இயந்திரத்தில் தட்டுகிற அதே கிலோபாஸ்கல் கணக்குதான். இரண்டு பேர் போனால் பின்னால் இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

இவ்வளவுக்கும் ஞாயிறு காலையில் எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. செயின், பல்சக்கரம் மாற்ற எனக்கு ஆன செலவு 90 வெள்ளி. அதற்குப் பயந்து யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போதெல்லாம் ஞாயிறு எட்டு மணிக்கே எழுந்துவிடுகிறேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். கண் தெளிவாகிவிட்டது, ஆனாலும் ஸ்பானரை அவர் கையில் கொடுப்பதாக இல்லை. "இன்னும் அரைச் சுத்து", "போதும் போதும், நட்டை முறிச்சிடாதே" என்று அங்கிருந்தே ஒலிபரப்பு நடக்கும். வாரமெல்லாம் பேசுகிற நான் அந்த அரை மணி நேரம் வாய் திறப்பதில்லை. முடித்ததும் 555 புத்தகத்தில் நானே எழுதுகிறேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்பார்.

உங்கள் வீட்டிலும் எந்தத் தொல்லையும் கொடுக்காமல் ஓடுகிற வண்டி ஒன்று இருக்கலாம். அது தானாக ஓடுகிறதா, யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்று இந்த ஞாயிறு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தால், ஸ்பானரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.