பாழான விமானமும் அடுத்த பெட்டியும்

நிஜத்தில் 11 மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர், 1/72 அளவில் சுமார் 15 சென்டிமீட்டர்தான். அதற்கே பல வாரம் ஆகும். கடைசியில் விமானி அறைக் கண்ணாடியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினால், ஆவி படிந்து வெள்ளை பூத்துவிடும். துடைக்கப் போனால் காயாத பெயிண்டில் கைரேகை. அத்தோடு பொழுதுபோக்கையே மூட்டை கட்டிவிடுபவர்களும் உண்டு.

குப்பையில் போட வேண்டாம். புது பெயிண்டைப் பூசிப் பார்க்க அதைவிட நல்ல பலகை கிடைக்காது. ஆனால் ரோஷத்தில் அடுத்து இரட்டை இறக்கை விமானப் பெட்டியைத் தூக்கி வருவதுதான் வம்பு. நடுவிலுள்ள தாங்குகால்களும் கம்பிகளும் மிச்சப் பொறுமையையும் தின்றுவிடும். அதே ஸ்பிட்ஃபயரை மறுபடி செய்வதே மேல். எங்கே சறுக்கும் என்று கைக்குத் தெரிந்த விமானம் அது ஒன்றுதான். இம்முறை கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும்; காய்ந்ததும் நிறம் தெரியாது.