மடிக்கணினியும் பிள்ளைகளின் தோளும்

கல்வி என்றவுடன் கற்பலகையும் குச்சியும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. தோட்டப் பள்ளிகளில் பயின்ற நம் முன்னோர்க்கு அவையே எழுதுபொருள்கள். அக்கற்பலகையைச் சுற்றி மரச்சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கைதவறி விழுந்தாலும் விளிம்பு உடையாதவாறு அச்சட்டமே காத்து நின்றது. சட்டம் கழன்ற பலகை நெடுநாள் நிலைத்ததில்லை. இன்று கற்பலகையின் இடத்திற்கு மடிக்கணினி வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால், அதற்குரிய சட்டத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய இல்லங்களை நாம் நேரில் கண்டோம். அன்று பட்ட தவிப்பு பெற்றோர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. ஆகவே, ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு எப்பாடு பட்டேனும் ஒரு மடிக்கணினி வாங்கித் தந்துவிட வேண்டும் என்னும் வேட்கை அவர்களிடம் மேலோங்கியுள்ளது. "ஐயா, எதை வாங்கலாம்?" என்று நம்மை வினவாத பெற்றோர் குறைவு. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அத்தொகையை நம்பி வாழும் குடும்பத்திற்கு மடிக்கணினி என்பது ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு. ஆதலின், இவ்வினாவிற்குப் பொறுப்போடு விடையளிப்பது நம் கடமையாகிறது.

நம் கருத்து இதுதான்: வேகத்தையும் வண்ணத்தையும் பார்க்குமுன் எடையைப் பாருங்கள்; எடையைப் பார்த்தபின் உறையைப் பாருங்கள். ஏனைய யாவும் அதற்குப் பின்னரே.

இவ்வாறு கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளியில் பயின்று வெளியேறிய மாணவன் ஒருவனுக்கு அவன் தந்தையார் தவணை முறையில் மடிக்கணினி ஒன்றை வாங்கித் தந்தார். கடைக்காரரின் பேச்சில் மயங்கி, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பெரிய திரைக் கணினியை அவர் தேர்ந்தெடுத்தார். அதன் எடை இரண்டரைக் கிலோகிராம். அதற்கென உறை ஏதும் வாங்கவில்லை. புத்தகங்களுக்கிடையே செருகி அனுப்பினார். சில திங்களிலேயே திரை விரிசல் கண்டது. கணினி பரண் ஏறியது. தவணை மட்டும் தொடர்ந்தது. அத்தந்தையாரின் அன்பில் குறையில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை எடுத்துரைப்பார் அவருக்கு இல்லை. அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

அண்மையில் நம் பள்ளி எடைக்கருவியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனையும் அவன் புத்தகப் பையையும் நிறுத்துப் பார்த்தோம். மாணவன் 32 கிலோகிராம். பை நாலரைக் கிலோகிராம். பிள்ளை சுமக்கும் பை அவன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை அடுத்திருப்பதே நன்று என்பது பரவலாக வழங்கும் அறிவுரை. அக்கணக்கின்படி அவன் சுமக்கத்தக்கது 3.2 கிலோகிராம்தான். அப்பையில் இரண்டரைக் கிலோ கணினியையும் அரைக்கிலோ மின்னூட்டியையும் சேர்த்தால் மொத்தச் சுமை ஏழரைக் கிலோ ஆகிவிடும். அஃதாவது உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! மெல்லிய மயிலிறகும் அளவு மீறி ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தியிருக்கிறார். மயிலிறகிற்கே அந்நிலை என்றால் மடிக்கணினிக்குச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். திரையின் அளவு மூலைக்கு மூலை அங்குலத்தில் குறிக்கப்படுகிறது. 15.6 அங்குலக் கணினிகள் பல இரண்டு கிலோவை நெருங்கும். 14 அங்குலக் கணினிகளில் ஒன்றரைக் கிலோவிற்கு உட்பட்டவை கிடைக்கின்றன. 11.6 அங்குலத்தில் இன்னும் இலேசானவையும் உண்டு. ஆயினும், நெடுநேரம் படிக்கவும் எழுதவும் அத்திரை சிறிதாகத் தோன்றலாம். படிவம் 1க்குச் செல்லும் பிள்ளைக்கு 14 அங்குலமும் ஒன்றரைக் கிலோவிற்கு மேற்படாத எடையும் பொருந்தும் என்பது நம் எண்ணம். விளம்பரத்தில் காட்டப்படும் எடையில் மின்னூட்டி பெரும்பாலும் சேர்வதில்லை. ஆகவே, இரண்டையும் ஒருசேரக் கையில் தூக்கிப் பாருங்கள்.

சுழலும் வட்டில் தகவலைச் சேமிக்கும் பழைய வகைக் கணினி, இயங்கும்போது அதிர்ச்சியைத் தாங்காது. அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் உடையதே பிள்ளைகளுக்கு ஏற்றது. அது எடையும் குறைவு. மிக மெல்லியதே மிகச் சிறந்தது என்று எண்ணிவிடவும் வேண்டா. மூடியை விரலால் மெல்லத் தொட்டு அழுத்தும்போதே வளைந்து கொடுக்குமானால், புத்தகப் பையின் நெருக்கடியை அது எவ்வாறு தாங்கும்? புதியது வாங்க இயலாதவர், அலுவலகங்களில் பயன்பட்டுச் செப்பனிடப்பட்ட கணினியை உத்தரவாதத்தோடு வாங்குவது இழுக்கன்று. மின்கலம் உப்பியிருக்கிறதா என்பதை மட்டும் தவறாது பார்த்தல் வேண்டும்.

அடுத்து, உறை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. உறையையும் அளந்தே வாங்க வேண்டும். திரையின் அளவைச் சொல்லி உறை கேட்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒரே 14 அங்குலத் திரையுடைய இரு கணினிகள் நீளத்திலும் அகலத்திலும் தடிப்பிலும் வேறுபடும். அடிக்கோல் கொண்டு இம்மூன்றையும் அளந்து, உறையின் உள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்த்தலே முறை. உறை தளர்ந்திருந்தால் கணினி உள்ளே நகர்ந்து நகர்ந்து மோதும். இறுகியிருந்தால் பற்சக்கரப் பட்டை விளிம்பைக் கீறும், கீல்களும் அழுந்தும். உள்ளே நுழைத்து, கீழே ஒரு கையை ஏந்தியவாறு தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். உடனே வழுக்கி விழாமலும், இழுத்தால் தடையின்றி வெளிவருமாறும் இருப்பதே பொருத்தமான உறை. கீழே விழும் கணினி பெரும்பாலும் மூலையில்தான் அடிபடும். ஆதலால், நான்கு மூலைகளிலும் மெத்தை தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தல் நலம்.

உறைகள் பலவற்றை நியோபிரீன் என்னும் பொருளால் செய்கின்றனர். அது 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட செயற்கை இரப்பர். பால்மரத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு இரப்பரின் நெகிழ்வும் தாங்கும் இயல்பும் புதியன அல்ல. அது சிறு அதிர்ச்சியைத் தாங்கும். சாரலையும் ஓரளவு தடுக்கும். ஆயினும், நீர் எளிதில் ஊறாதது வேறு. நீரே புகாதது வேறு. மோட்டார் சைக்கிளில் தந்தையின் பின்னே அமர்ந்து செல்லும் பிள்ளைக்கு, அடைமழைக் காலத்தில் உறைக்கு மேல் ஒரு நெகிழிப் பையும் இன்றியமையாதது.

உறை இருந்தும் கணினி கெடுவதற்குப் பயன்படுத்தும் முறையே காரணமாகிறது. மின்னூட்டியைத் திரையோடு சேர்த்து உறைக்குள் திணித்தல் ஆகாது. அதன் அழுத்தமே திரையை உடைக்கும். கணினியை முற்றாக அணைத்த பின்னரே உறையிலிட வேண்டும். இயங்கும் கணினியின் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். பையில் வைக்கும்போது முதுகை ஒட்டிய பக்கத்தில் வைத்து, இரு தோள்களிலும் பட்டையை மாட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு சொல். மேற்கூறிய மாணவனின் பையில் இலேசான கணினியையே சேர்த்தாலும் அளவு மீறத்தான் செய்யும். கணினி உள்ளே வருமானால் அதற்கீடாகப் புத்தகம் வெளியே செல்ல வேண்டும். எந்நாளில் கணினி தேவை, எந்நாளில் தேவையில்லை என்பதை முன்னதாக அறிவிப்பது பள்ளிகளின் பொறுப்பு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் மடிக்கணினியைச் சுமந்து வருதல் தேவையற்றது என்பதே நம் உறுதியான கருத்து. பள்ளியின் கணினி பள்ளியிலும், வீட்டின் கணினி வீட்டிலும் இருந்தால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து பால் வாளிகளைச் சுமந்தார்கள். தம் பிள்ளைகளின் தோள்கள் அச்சுமையினின்று விடுபட வேண்டும் என்றே அவர்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். அத்தோள்கள் மீண்டும் சுமையால் வளைதல் கூடாது. பெற்றோர் வாங்கித் தரும் கருவியில் அவர்தம் ஒரு மாத வியர்வை அடங்கியிருக்கிறது. நன்கு பொருந்திய உறையில் இட்டு அதைக் காப்பது அவ்வியர்வைக்கு நீங்கள் செலுத்தும் மரியாதையாகும். இலேசான கருவியைத் தேர்ந்து, அளவான உறையில் காத்து, நிமிர்ந்த தோள்களோடு கற்று உயர்வீர்களாக!