கையைக் குறை சொல்லாதே, கையுறையை மாற்று!

"கையுறைதான் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" மும்பை மருத்துவமனைகளில் வார்டு துடைக்கும் நம் தாய்மார்களுக்குக் கண்டிராக்டர் சொல்லும் பதில் இது. மணிக்கட்டுவரை சிவந்து, வெடித்து, நீர் கசியும் கையைக் காட்டினால், "சொறி, நன்றாகக் கழுவு" என்று உபதேசம் வேறு! உறையைக் கழற்றினாலோ கூலி வெட்டு.

தோழர்களே, இது சொறியல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. குழாயடியில் முகம் சுளிப்பவர்களும் இதை அறியட்டும். உறைக்குள் வியர்வையும் சோப்பும் தேங்கினால் தோல் புண்ணாகும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற இரசாயனங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வரும். ரப்பர்ப்பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கோ சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், மூச்சுத்திணறல், உயிருக்கே ஆபத்தாகலாம். உறைக்குள் தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றிலும் பரப்பும். மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடை செய்தது இதனால்தான்.

நாமும் தவறு செய்தோம். "கையுறை கொடு" என்று மட்டும் கோஷமிட்டோம். மலிவுப் பெட்டி வந்திறங்கியதும் வெற்றி என்று கைதட்டினோம். எந்தக் கைக்கு எந்த உறை என்று கேட்டோமா?

இனிக் கேட்போம். ரப்பர்ப்பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு நைட்ரைல் உறை வேண்டும். இரசாயனம் ஒத்துக்கொள்ளாதவருக்கு, ஆக்சிலரேட்டர் சேர்க்காத நைட்ரைல் வேண்டும். சாதாரண நைட்ரைலில் அதே இரசாயனம் இருக்கலாம். யாருக்கு எது என்பதை அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் சோதித்து அறியலாம். அதற்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும். அதுவரை கோபத்தில் வெறுங்கையால் இரத்தத்தையும் ஊசியையும் தொடாதீர்கள். உறை நனைந்தால் மாற்றுங்கள். இரவில் வாசலின் தடவுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

இது பிச்சையல்ல. பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. இரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியும் அதன் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் நோய் என்பதைக் கண்டிராக்டர் சொறி என்பதா?

நகரத்தின் அழுக்கைத் துடைக்கும் கை, நம் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் கை. அது அழுக வேண்டுமா, உறை மாற வேண்டுமா? ஒவ்வொரு வார்டிலும் புண்பட்ட கைகளின் பெயர்ப்பட்டியல் எழுதுவோம். கையெழுத்திட்டு, ஒன்றாகப் போய்க் கேட்போம்!