பொறுமைக்கு வேண்டிய நேரம்

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலைக்கு மேற்கே மலைத்தொடர் உடன்வருகிறது. சாலையோரம் நூற்பாலைகள், உள்ளே தென்னையும் மாவும் அடர்ந்த தோப்புகள், அடிவாரத்தில் செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பகுதிகளில் பளியர் குடியிருப்புகள். இத்தகைய ஊர்களின் சிறிய தொடக்கப் பள்ளிகளில் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் அமர்ந்து படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய காட்சியன்று. அதே காட்சியைப் பிரான்சு நாட்டிலிருந்து ஒரு திரைப்படம் உலகுக்குக் காட்டியபோது மக்கள் வியந்து பார்த்தனர்.

2002ஆம் ஆண்டு நிக்கொலா ஃபிலிபேர் இயக்கி வெளியிட்ட ‘எத்ர் ஏ அவ்வார்’ என்னும் ஆவணப்படமே அது. ‘இருத்தல்’, ‘உடைத்தாதல்’ என்று பொருள்படும் அவ்விரு வினைகளும் பிரெஞ்சு இலக்கணத்தின் அரிச்சுவடி போன்றவை. ஓவர்ன்யு மலைப்பகுதியில் சேந்த் எத்தியேன் சூர் ஊசோன் என்னும் சிற்றூர். ஒரே வகுப்பறை கொண்ட பள்ளி. நான்கு வயது முதல் பத்து, பதினொரு வயது வரையிலான பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள். ஜோர்ஜ் லோப்பெஸ் என்னும் ஓராசிரியர். ஆவணப்படத்தைத் திரையரங்கிற்குச் சென்று காணும் வழக்கம் அரிதாயிருந்தும், பிரான்சில் மட்டும் 15 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனைக் கண்டனர். அந்த ஆண்டின் லூயி தெல்யூக் விருதும் இதற்கே கிடைத்தது.

படத்தில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. எண்களுக்கு முடிவு உண்டா என்று ஒரு சிறுவனைச் சிந்திக்க வைக்கிறார் ஆசிரியர். சிறுவன் ஓர் எண்ணைச் சொல்கிறான். அதற்கு மேல் உண்டா என்று அவர் கேட்கிறார். அவன் இன்னும் பெரிய எண்ணுக்குத் தாவுகிறான். அவர் மீண்டும் கேட்கிறார். விடையைத் தாமே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குச் செல்லும் அவசரம் அவரிடம் சிறிதும் இல்லை. சண்டையிட்ட இரு பெரிய மாணவர்களை எதிரே அமர்த்தி, தண்டிக்காமல் பேசுகிறார். சிறியவர்கள் அவர்களைப் பார்த்தே வளர்கிறார்கள் என்பதை உணர்த்துகிறார். வாய் திறக்கவே தயங்கும் ஒரு சிறுமி அடுத்த ஆண்டு பெரிய பள்ளிக்குச் செல்லவேண்டும். அவளருகே அமர்ந்து, அவளுடைய மௌனத்திற்கும் இடம் விட்டுக் காத்திருக்கிறார். வீட்டுக்கணக்கு ஒன்றுக்காக ஒரு மாணவனின் குடும்பமே சமையலறை மேசையைச் சூழ்ந்துகொண்டு திணறும் காட்சியும் உண்டு; பிள்ளையின் பெருக்கல் கணக்கில் வீட்டார் அகப்பட்டுக்கொள்வது எந்நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது! லோப்பெஸின் தந்தை ஸ்பெயினிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பண்ணைத் தொழிலாளி. உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி எத்தகைய வாயில் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்தவர்.

இவ்வாசிரியரைக் கண்டவர் பலரும் அர்ப்பணிப்பு என்ற ஒரே சொல்லால் புகழ்ந்தனர். அப்புகழுக்கு அவர் தகுதியுடையவரே. ஆயினும் அச்சொல் ஒன்றை மறைத்துவிடுகிறது. ஒரு சிறுமியின் தயக்கம் தீரும்வரை அருகிருக்க நல்ல மனம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று பேர் கொண்ட வகுப்பு அந்த நேரத்தை அவருக்கு அளித்தது. அவருடைய பொறுமையில் பாதி குணத்தினின்றும், மறுபாதி எண்ணிக்கையினின்றும் வந்தது எனலாம்.

இவ்வுண்மையைத் தமிழகத்தின் கல்வி வரலாறும் காட்டுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பல வயதினர் ஓராசிரியரிடம் ஒன்றாகப் பயின்றனர். முன்னரே கற்ற சட்டாம்பிள்ளை இளையவர்க்குக் கற்பித்தான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்திற்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நம் சிறுவர்களைக் கண்டு இம்முறையைக் கைக்கொண்டார். 1797இல் அதனைப் பற்றி அவர் நூல் வெளியிட்டபின், இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அங்கே அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓராசிரியரைக் கொண்டு நடத்தும் சிக்கன வழியாக மாறிப்போயிற்று. பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நெருக்கம் குறைந்து செலவுக்கணக்கு முன்னே வந்தது.

இன்றைய நிலையிலும் அக்கணக்கு மறையவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் அன்று மற்றவரே ஐந்து வகுப்புகளுக்கும் ஆசிரியர். வருகைப்பதிவு, புள்ளிவிவரம், சத்துணவு மேற்பார்வை ஆகியவையும் அவர் பொறுப்பே. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பல நிலைப் பிள்ளைகளை ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தவை. அட்டைகளும் பயிற்சி நூல்களும் உதவவே செய்கின்றன. எனினும் மாணவி ஏன் பேசாதிருக்கிறாள் என்பதை எந்த அட்டையும் கவனியாது.

பிள்ளைகள் குறைந்துவிட்டால் பள்ளியை அருகிலுள்ளதோடு இணைத்துவிடலாமே என்பது எளிதாக எழும் கேள்வி. அதில் நியாயம் ஒன்றும் இல்லாமலில்லை: பெரிய பள்ளியில் ஆசிரியர் மிகுதி, தோழர் மிகுதி. ஆனால், வரைபடத்தில் சிறிதாகத் தோன்றும் தொலைவு ஆறு வயதுக் குழந்தைக்குச் சிறிதன்று. யானைகள் நடமாடும் மலையடிவாரத்தில் வாழும் பெற்றோர், பள்ளி தள்ளிப்போனால் பிள்ளையை வீட்டில் நிறுத்தவே எண்ணுவர். இதே விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர், முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் சிற்றூர்தோறும் பள்ளியைக் கொண்டுசென்றது, பள்ளி பிள்ளையைத் தேடி வரவேண்டும் என்பதனால்தான். எண்ணிக்கை குறைந்த பள்ளியைச் சுமையெனக் கருதும் பார்வைக்கு லோப்பெஸின் வகுப்பறை நேர் எதிரானது. அங்கே அக்குறைவே வளமாயிற்று.

படம் பெரும் வருவாய் ஈட்டியபின் லோப்பெஸ் அதில் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய பாடங்கள் தனிப்படைப்பு என்னும் வாதத்தை ஏற்காத பாரிசு நீதிமன்றம் 2004இல் வழக்கைத் தள்ளிற்று. மேல்முறையீட்டிலும் அவர் வெல்லவில்லை. திரையில் துறவிபோல் தோன்றியவர் பணம் கேட்டாரே என்று மனம் நொந்தவர் பலர். ஆவணப்படத்தில் தோன்றுவோர் ஊதியம் பெறலாமா என்பது சட்டத்தின் வினா. அதில் இருபுறமும் நியாயம் காணலாம். ஆனால் அந்த மனவருத்தம் ஆராயத்தக்கது. ஆசிரியரைத் தெய்வமாக்கிவிட்டால் அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று சமுதாயம் நினைத்துக்கொள்கிறது. தியாகத்தைப் போற்றும் விழாக்களில் குறைவில்லை. அதே மேடையில் ஓர் ஆசிரியர் தம் பள்ளிக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டுமென்று கேட்டால் அவை சற்றே நெளிகிறது.

படத்தின் இறுதியில் கோடை விடுமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆசிரியரின் கன்னத்தில் முத்தமிட்டு விடைபெறுகின்றனர். அவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து நிமிர்கிறார், எவரையும் விரைவுபடுத்தவில்லை. எல்லாரும் போனபின் கலங்கிய கண்களுடன் வாயிலிலேயே நிற்கிறார்.