துடைப்பமும் முதுகும்



"துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா?" என்று கேட்டனர் நம் முன்னோர். எளிய பொருளுக்கு ஏன் இத்தனை அலங்காரம் என்பது அதன் கருத்து. நாமும் அப்பழமொழியைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கின்றோம். ஆயினும் சென்ற திங்கள் கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்குச் சென்று திரும்பிய நாள் முதல், வேறொரு கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. துடைப்பத்திற்குக் குஞ்சம் வேண்டாம். நல்ல காம்பு கூடவா வேண்டாம்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பலரும் அறிவர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால், 'நாடு' என்று பெயர் தாங்கிய ஊர்கள் மலைமேல் விரிந்து கிடக்கின்றன. ஆலத்தூர் நாடு அவற்றுள் ஒன்று. சாமை, கேழ்வரகு, மிளகு, காபி முதலியன விளையும் அம்மலையில், வீட்டின் முன்னுள்ள களமே குடும்பத்தின் கருவூலம் எனலாம். விளைந்தவை அனைத்தும் அங்குதான் காய வேண்டும். களத்தில் கல் கிடந்தால் அது சோற்றிலும் கிடக்கும்.

நாம் சென்றிருந்த வீட்டில், சாணம் மெழுகிய மண்களம் சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்டுக் களமாக மாறியிருந்தது. மழைக்காலத்தில் கால் வழுக்காதிருக்கும் பொருட்டு, கொத்தனார் அதைச் சொரசொரப்பாகவே விட்டிருந்தார். அறுபது வயதைக் கடந்த தாய் ஒருவர், ஈச்ச ஓலையால் கட்டிய குட்டை மாற்றைக் கையிற் பிடித்து, இடுப்பை இரண்டாக மடித்துப் பெருக்கிக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் நிமிர முயன்றார்; உடனே நிமிர முடியவில்லை.

"மண்களத்துக்கு இந்த மாறு மாசக்கணக்கா வரும் சாமி. சிமிட்டிக்கு வந்தபிறகு சீக்கிரமே தேஞ்சு போவுது. மாறு மட்டுமா தேயுது, என் இடுப்புந்தான்" என்று கூறிச் சிரித்தார்.

சுவரோரம் ஒரு நெகிழித் துடைப்பம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மகன் சந்தையில் வாங்கி வந்தது. அதன் மெல்லிய இழைகள் நாற்புறமும் விரிந்து, காற்றில் கலைந்த தலைமயிர் போலக் கிடந்தன. மகன் அன்போடுதான் வாங்கியிருக்கின்றான், ஐயமில்லை. ஆனால் அது வீட்டுக்குள் வழவழப்பான தரைக்கு உரிய துடைப்பம். சொரசொரப்பான களத்தில் அது என்ன செய்யும்?

தரையைப் பார்த்தே துடைப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் அறிந்த கலை. வீட்டுக்குள் நுண்ணிய தூசிக்குப் பூந்துடைப்பம். அதற்குரிய புல் மேகாலயா முதலிய வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மிகுதியாக வருகின்றது. வாசலுக்குத் தென்னையின் ஈர்க்குமாறு. மண்களத்திற்கு ஈச்சமாறு, அது மண்ணைக் கீறாமல் குப்பையை மட்டும் அள்ளும். இன்றோ நம் முற்றங்கள் பெரிதும் சிமெண்டாகவும் கருங்கல்லாகவும் மாறிவிட்டன. தரை மாறியது; துடைப்பம் மாறவில்லை. இரண்டிற்கும் இடையில் அகப்பட்டுத் தேய்வது பெண்களின் முதுகு.

இத்தகைய தரைகளுக்கு உரியது, நின்றபடியே தள்ளிப் பெருக்கும் துடைப்பம். அகன்ற மரக்கட்டையில் தடித்த இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பதித்து, நடுவில் நீண்ட காம்பைப் பொருத்தியிருப்பார்கள். அதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, இழை. விரலால் வளைத்து விடுங்கள். உடனே நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் சொரசொரப்பான தளத்திற்கு அது உதவாது. ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். மணலும் சருகும் கலந்து கிடக்கும் இடத்திற்கு, முன்வரிசையில் தடித்த இழையும் உள்ளே சற்று மெல்லிய இழையும் உடையது ஏற்றது. முன்னது பெயர்க்கும், பின்னது கூட்டிச் செல்லும்.

இரண்டாவது, அகலம். பெரிதாக இருந்தால் வேலை விரைவில் முடியும் என்று எண்ணுவது தவறு. அகலம் கூடக் கூடத் தள்ளும் சுமையும் கூடும். வீட்டு முற்றத்திற்கு 45 செ.மீ. போதும், பெரிய களத்திற்கு 60 செ.மீ. வரை செல்லலாம்.

மூன்றாவது, காம்பு. பெருக்குபவர் நிமிர்ந்து நிற்கையில் காம்பின் நுனி அவருடைய தோளுக்கும் மோவாய்க்கும் இடையே வர வேண்டும். வாங்குபவரின் உயரம் அன்று, பெருக்குபவரின் உயரமே கணக்கு. காம்பு கட்டையோடு சேரும் இடத்தில் இரும்புத் தாங்கி இருந்தால் அது ஆடாது, எளிதில் முறியாது.

பயன்படுத்தும் முறையும் ஒன்று உண்டு. அழுத்திப் பெருக்கினால் இழை மடங்கி, அதன் பக்கவாட்டுத்தான் தரையில் உரசும். பெருக்குவது இழையின் நுனியே. ஆகவே அழுத்தாமல், சிறு சிறு வீச்சாக, காற்று வீசும் திசையிலேயே தள்ள வேண்டும். தூசி மிகுந்தால் முன்னதாகச் சிறிது நீர் தெளித்துக் கொள்வது நுரையீரலுக்கு நன்று. வேலை முடிந்ததும் துடைப்பத்தைத் தொங்கவிட வேண்டும். இழையின் மேல் நிறுத்தி வைத்தால் உடல்பாரம் தாங்காத கிழவனைப் போல அது ஒருபக்கம் சாய்ந்துவிடும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தானியத்தைக் கூட்ட நெகிழி இழை வேண்டா. ஒடிந்த இழை உணவோடு கலக்கும். அதற்கு மரப்பலகையும் பழைய ஈச்சமாறுமே சிறந்தவை.

இழைகளைப் பற்றிச் சொல்கையில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மேலைநாட்டினர் தங்கள் தெருக்களையும் குதிரை லாயங்களையும் பெருக்கிய முரட்டுத் துடைப்பங்களுக்கு ஏற்ற இழைகளுள் ஒன்று, நம் பனை மட்டையின் அடியில் கிடைக்கும் தும்பு. தென்பாண்டிச் சீமையின் பனந்தும்பு தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கப்பலேறிக் கடல்கடந்து சென்றது. தடித்தது, நிமிர்ந்து நிற்பது, ஈரத்தையும் தாங்குவது. மழையில் பாசி படரும் மலைக்களத்திற்கு இதனினும் பொருத்தமான இழை வேறு எது? தமிழ்நாட்டின் மாநில மரம் அயல்நாட்டாரை நிமிர்ந்து நின்று பெருக்க வைத்தது. நம் தாய்மாரோ குனிந்தே நிற்கின்றனர்.

பிறரைக் குறை கூறும் முன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டுமன்றோ? சில ஆண்டுகளுக்கு முன், திருவிழா முடிந்த கையோடு கோவில் வளாகத்திற்கென நாமே ஒரு துடைப்பம் வாங்கினோம். 90 செ.மீ. அகலம். கடையில் கண்டபோது கம்பீரமாக இருந்தது. நம் வளாகமோ சரளைக்கல் நிறைந்தது. வளாகத்தைப் பெருக்கும் அம்மா இரண்டு நாள் அதனோடு போராடினார். மூன்றாம் நாள் தம் பழைய ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு மீண்டும் குனிந்துவிட்டார். நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாமி ஆசையாக வாங்கினது" என்று பிறரிடம் கூறினாராம். ஒலிபெருக்கி வாங்க மூன்று கூட்டம் கூட்டிய நாம், துடைப்பம் வாங்க அதைப் பிடிக்கும் கையை ஒருமுறையும் கேட்கவில்லை.

லீமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸின் சொரூபத்தை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அவர் கையில் துடைப்பம் இருக்கும். 1579-இல் பிறந்து, கலப்பினத்தவர் என்பதால் இழிவாக நடத்தப்பட்டு, துறவு மடத்தில் பெருக்குவது முதலான எளிய பணிகளையும் நோயாளரைப் பேணும் பணியையும் செய்தவர். 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். துடைப்பத்தைத் திருச்சபை பீடத்தின் மேல் வைத்திருக்கின்றது. நாமோ அதைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைக்கின்றோம். துடைப்பத்தை மறைப்பதோடு அதைப் பிடிப்பவரின் நோவையும் சேர்த்து மறைத்து விடுகின்றோம்.

ஆலத்தூர் நாட்டிலிருந்து புறப்படும் முன், அந்த மகனோடு சற்று நேரம் பேசினோம். அவன் தாயைச் சுவரோரம் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அவருடைய தோள் உயரத்தில் கரியால் ஒரு கோடு கிழித்தான். "இதுக்கு மேலே நாலு விரல், அதுதானே அளவு, சாமி?" என்று கேட்டான். தாய் வெட்கத்தோடு, "துடைப்பத்துக்குப் போய் அளவெடுக்கிறான் பாருங்க" என்றார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது.

இத்திங்கள் உங்கள் வீட்டுச் சுவரிலும் அத்தகைய கோடு ஒன்று கிழிக்கப்படட்டும். பெருக்குபவர் தாயோ, மனைவியோ, மருமகளோ, கூலிக்கு வரும் அம்மாவோ, அவரைக் கேட்டு, அவர் தோளை அளந்து, உங்கள் தரைக்கேற்ற துடைப்பத்தை வாங்குங்கள். வாங்கிய பின் முதல் நாள் நீங்களே பெருக்கிப் பாருங்கள். நாமும் நம் வளாகத்து அம்மாவிடம் கேட்டுவிட்டோம். 45 செ.மீ. போதும் என்றார்.