அரசு எங்கே முடிகிறது?

ஒரு நிறுவனத்தின் மீது அடிப்படை உரிமை கேட்டு வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பின் முதல் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘நாங்கள் அரசு இல்லை.’ அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்ட ‘அரசு’ எது என்பதை அரசமைப்பின் 12ஆவது பிரிவு அரசாங்கம், நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று வரிசையிட்டு, ‘பிற அதிகார அமைப்புகள்’ என்று முடிகிறது. அந்த வாலைப் பிடித்துத்தான் எழுபது ஆண்டு வழக்கு.

ஐம்பதுகளில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னைப் பல்கலைக்கழகத்தை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. ஆனால் அரசோ மின்சாரம் விற்றது, இன்சூரன்ஸ் நடத்தியது, எண்ணெய்க் கிணறு தோண்டியது. சட்டம் பின்னாலேயே ஓடியது. 1967இல் ராஜஸ்தான் மின்வாரியமும், 1975இல் எல்.ஐ.சி.யும் ஓ.என்.ஜி.சி.யும் ‘அரசு’ ஆயின. 1979இல், பம்பாய் விமான நிலைய உணவக டெண்டர் வழக்கில், நீதிபதி பகவதி அளவுகோலையே வகுத்தார்: பணம் யாருடையது, பிடி யாரிடம், வேலை யாருக்கானது?

தொண்ணூறுகளுக்குப் பிறகு காற்று திசை மாறியது. இப்போது அரசு கழன்றுகொள்கிறது. ஏர் இந்தியா ஊழியர்கள், அது அரசு நிறுவனமாக இருந்தபோதே பணி உரிமைக்காக ரிட் மனு போட்டார்கள். மனுக்கள் கிடப்பில் இருக்க, 2022 ஜனவரியில் நிறுவனம் டாடா கைக்குப் போனது. இனி ரிட் செல்லாது என்றது மும்பை உயர் நீதிமன்றம். 2024இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வேறு மன்றம் போகலாமாம். தாமதம் நீதிமன்றத்துடையது, நட்டம் ஊழியருடையது.

2025இல் சென்னை மாநகராட்சி ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்தது. தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். தெரு அதே, குப்பை அதே, வரி வாங்குவதும் அதே மாநகராட்சி. பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் மாறிவிட்டார்.

பகவதியின் மூன்று கேள்விகளில் கடைசியை முதலாவதாக்க வேண்டும் என்பது நம் கட்சி. அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 226ஆவது பிரிவு, தேவைப்பட்டால் எந்த ‘நபர்’ மீதும் ரிட் பிறப்பிக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பொதுக்கடமை செய்கிற தனியார் அமைப்பும் அதற்குக் கட்டுப்படும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அதிகாரத்தை நீதிபதிகள் தயங்காமல் பயன்படுத்தட்டும். ஆட்சியாளர்கள் தம் பங்குக்கு, வேலையைக் குத்தகைக்கு விடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தகவல் உரிமையையும் பணிப் பாதுகாப்பையும் சேர்த்தே எழுதட்டும். வேலையைக் கைமாற்றலாம், பொறுப்பைக் கைகழுவக் கூடாது.